பதினோரு நாள் பாக்கி!

2024-ம் வருஷத்து காலண்டரைத் தலைகீழாகப் புரட்டினாலும் அதில் வைகுண்ட ஏகாதசி கிடைக்காது. அச்சுப்பிழை இல்லை சார்! 2023 டிசம்பர் 23-ல் வந்துவிட்டுப் போன ஏகாதசி, மறுபடி தலைகாட்டியது 2025 ஜனவரி 10-ல்தான். விட்டதைப் பிடிக்கிற மாதிரி, அதே 2025-ல் டிசம்பர் 30-ந் தேதி இன்னொன்று!

எல்லாம் சந்திரன் செய்கிற வேலை. பன்னிரண்டு அமாவாசை முடிய 354 நாள் போதும். சூரியக் கணக்கிலோ வருஷத்துக்கு 365 நாள், சொச்சம். ஆக, வருஷா வருஷம் பதினோரு நாள் துண்டு விழுகிறது. மாசக் கடைசியில் நமக்கு விழுமே, அதே துண்டுதான்! இதை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் மதத்துக்கு மதம் வித்தியாசம்.

யூதர்களுடைய ஹனுக்கா, எட்டு நாள் விளக்குப் பண்டிகை. பாக்கி சேரச் சேர, 19 வருஷத்துக்குள் ஏழு தடவை ஒரு மாசத்தைக் கூடுதலாகப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அதனால் பண்டிகை குளிர்காலத்தை விட்டு ஓடாது. 2024-ல் முதல் விளக்கு ஏற்றியது டிசம்பர் 25 சாயங்காலம், சரியாக கிறிஸ்துமஸ் அன்று!

நம் ஊர் ஏற்பாடு வேறு. மாசத்தை சூரியன் சொல்லும், நாளை சந்திரன் சொல்லும். மார்கழியில் எந்தத் தேதியில் வளர்பிறை ஏகாதசி வருகிறதோ, அன்றைக்கு சொர்க்கவாசல். ஸ்ரீரங்கத்தில் இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2022 ஜனவரி 13-ல் வரவேண்டியதை, தைத் தேரோடு மோதக் கூடாதென்று 2021 டிசம்பர் 14-லேயே, அதாவது கார்த்திகையிலேயே நடத்திவிட்டார்கள்.

இஸ்லாமியக் கணக்கில் இந்த ஒட்டுப்போடுகிற வேலையே கிடையாது. துண்டு விழுந்தால் விழட்டும்! ரமலான் வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே, சுமார் 33 வருஷத்தில் எல்லா சீசனையும் ஒரு ரவுண்டு வந்துவிடும். 2000-ல் ஜனவரியில் ஒரு பெருநாள், டிசம்பரில் இன்னொரு பெருநாள்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு பாய் இருக்கிறார். ஸ்கூல் பையனாக முதன்முதலில் நோன்பு பிடித்தது 1998 ஜனவரியில். "அப்பல்லாம் தாகமே தெரியாது சார். குளிருக்கு நோன்புக் கஞ்சி தொண்டையில இறங்குறப்ப... அடடா!" என்பார். அவரே 2018-ல் கத்திரி வெயிலில் நோன்போடு பஸ் பிடித்து ஆபீஸ் வந்தார். சென்னையில் மார்கழிப் பகலைவிட ஆனிப் பகல் சுமார் ஒன்றரை மணி நேரம் நீளம். காத்திருக்கிறவருக்குத்தான் அந்த ஒன்றரை மணியின் அருமை தெரியும்.

அவருடைய அத்தாவுக்கு இப்போது வயசு எழுபத்து மூன்று. சுகர். டாக்டர் நோன்பு கூடாது என்றுவிட்டார். மார்க்கத்திலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. பெரியவர் கேட்டால்தானே! "குளிர்காலத்துல வரட்டும், பாத்துக்கலாம்" என்கிறாராம். 2030-ல் ஜனவரியில் ஒரு ரமலான் தொடங்குகிறது, டிசம்பர் கடைசியில் இன்னொன்று. "ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு. ரெண்டு சான்ஸ் இருக்குடா" என்று பேரனிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறாராம். டாக்டரிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் மட்டும் ஆணியடித்த மாதிரி டிசம்பர் 25 என்று நினைப்போம். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில் அது ஜனவரி 7. அவர்களைக் கேட்டால், "எங்களுக்கும் டிசம்பர் 25-தான், உங்க காலண்டர்தான் பதிமூன்று நாள் முந்திப் போச்சு" என்பார்கள். ஜூலியஸ் சீசர் காலத்துக் காலண்டரை சர்ச் விடவில்லை. உக்ரைன் 2023-ல் சட்டம் போட்டு கிறிஸ்துமஸ் விடுமுறையை டிசம்பர் 25-க்கு மாற்றிக்கொண்டது. மாற்றாதவர்களுக்கு 2101-ல் இருந்து கிறிஸ்துமஸ் ஜனவரி 8-ல் வரும். லீவு போட நினைப்பவர்கள் இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். எங்கள் மேனேஜர் அதற்குள் சாங்ஷன் பண்ணிவிடுவார் என்று நினைக்கிறேன்.