காலிப் பை ஏன் முட்டுகிறது?

ஓடிப்போய் உட்கார்ந்தால் நாலு சொட்டுதான் வரும், அதுவும் எரிச்சலோடு. எழுந்து வருவதற்குள் மறுபடியும் முட்டும். நீர்க்கடுப்பு வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடு தெரியும். சிறுநீர்ப்பையோ கிட்டத்தட்டக் காலி. அப்புறம் யார் இப்படி அவசரப்படுத்துவது?

நரம்புகள்தான். பத்து வயதில் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் கொள்ளும். அது நிறைய நிறையச் சுவர் விரியும். அந்த விரிவை மூளைக்குச் சொல்ல, சுவருக்குள் மெல்லிய நரம்பு நுனிகள் இருக்கின்றன. நன்றாக விரிந்த பிறகுதான் அவை அவசரப்படுத்தும்.

கிருமிகள் உள்ளே ஏறிவிட்டால் கதை மாறுகிறது. பெரும்பாலும் அவை நம் குடலில் குடியிருக்கும் இ.கோலை பாக்டீரியாக்கள். அவற்றை எதிர்க்க வெள்ளையணுக்கள் விரைகின்றன. ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து சுவர் சிவந்து வீங்குகிறது. இதுதான் அழற்சி. அப்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின், பிராடிகினின் போன்ற பொருள்கள் உண்டாகி, நரம்பு நுனிகளையும் தூண்டிவிடுகின்றன.

நரம்பின் மேலுறையில் மிக நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்தால்தான் செய்தி கிளம்பும். அப்படி ஒரு வாயிலை, மிளகாய்க் காரத்தைக் கொண்டே 1997இல் கண்டுபிடித்தார் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரத்துக்குத் திறக்கும் அதே வாயில், சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் திறக்கும். அழற்சி வந்தாலோ, உடம்பின் வழக்கமான 37 டிகிரியே அதற்குப் போதுமானதாகிவிடலாம்!

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. சிறுநீர்ப்பையிலும் குடலிலும் சில நரம்புகள் சாதாரண நாட்களில் தூங்கியே கிடக்கின்றன. சுவரை எவ்வளவு இழுத்தாலும் வாயே திறப்பதில்லை. அழற்சிதான் அவற்றை எழுப்புகிறது. எழுந்த பிறகு சின்ன விரிவுக்கும் அவை குரல் கொடுக்கும். வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் கொஞ்சம் வாயு சேர்ந்தாலே குடல் வலிப்பதற்கும் இது ஒரு காரணம்.

ஆகவே, "இப்போதுதானே போய்வந்தாய்!" என்று யாராவது கடிந்துகொண்டால் வெட்கப்படாதீர்கள். உங்கள் அவசரம் பொய்யல்ல. நரம்பு உண்மையாகவே செய்தி அனுப்புகிறது. அம்மாவிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள், மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து கிருமிகளைக் கொன்ற பிறகும் கடுப்பு கொஞ்சம் நீடிக்கலாம். எழுந்த நரம்புகள் அடங்க நேரம் பிடிக்கும். அடிக்கடி போக வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வெளியேறும் நீர் கிருமிகளையும் அடித்துக்கொண்டு போகிறது.