தறியிலிருந்து தொடைக்கு வந்த பிளாஸ்டிக்

அவிநாசி ரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 36. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனதால், இடுப்பு மூட்டையே மாற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். "மாத்தினா எத்தனை வருசத்துக்கு வரும்?" என்று கேட்கிறார்.

எவ்வளவு நடக்கிறோமோ அவ்வளவு தேய்மானம். வருசக்கணக்கு இதில் அரைக்கணக்குத்தான். மூட்டு மாற்றியவர் ஒரு காலை ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து லட்சம் தடவை ஊன்றுகிறார். நாளெல்லாம் கட்டிங் டேபிளைச் சுற்றுகிறவர் இன்னும் கூடுதலாகவே ஊன்றுவார். பிரிட்டனில் எடுத்து 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியான கணக்கு இது: எழுபதைத் தாண்டி மாற்றிக்கொண்டவர்களில், ஆயுளுக்குள் மறுபடி அறுவை தேவைப்படுவது நூற்றுக்கு ஐந்து பேருக்கு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் நூற்றுக்கு 35 பேர் வரை. முப்பத்தாறு வயதுக்காரர் இன்னொரு அறுவையை எதிர்பார்த்தே இறங்க வேண்டும்.

இந்த மூட்டின் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் நம் தொழிலைத் தொட்டுக்கொண்டு போகிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர், 1950-களின் கடைசியில், பந்து சுழலும் மூட்டுக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். நன்றாக வழுக்கியது; இரண்டு மூன்று ஆண்டிலேயே தேய்ந்தும் போனது. 1962 மே மாதம் பின்ஸ் என்ற விற்பனையாளர் ஒரு ஜெர்மானியப் பிளாஸ்டிக்கோடு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளில் தறிப் பற்சக்கரம் செய்யப் பயன்பட்ட பாலிஎத்திலீன் அது. சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, வீண் வேலை என்று போய்விட்டார். ஆய்வுக்கூட உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த நேரம் பார்த்து, தேய்மான எந்திரத்தில் அதை ஏற்றி ஓட்டினார். டெஃப்லான் ஒரு நாளில் தேயும் அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை! சார்ன்லியோ இரண்டு பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளேயே செலுத்திக்கொண்டு சோதித்தவர். டெஃப்லான் வைத்த இடம் முடிச்சாகத் தட்டுப்பட்டது; பாலிஎத்திலீன் இருந்த சுவடே தெரியவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கிவிட்டார்.

ஆனாலும் அதுவும் தேயும். கிண்ணம் மெலிவதைவிட, உதிரும் தூள்தான் பெரிய வில்லங்கம். எங்கள் தெரு நிட்டிங் கம்பெனியில் ஊசி முறிந்து மெஷின் நின்றதைவிட, ஊசிக்காடியில் பஞ்சு அடைத்துத் துணியில் கோடு விழுந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத துகள்களை உடலின் காவல் செல்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அவை கிளப்பும் அழற்சி, சுற்றியுள்ள எலும்பை அரிக்கிறது. கடைசியில் மூட்டு ஆட்டம் காண்கிறது.

1990-களின் கடைசியில், கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கிய பாலிஎத்திலீன் வந்தது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. அதன்மேல் பீங்கான் பந்து என்பது இன்று இளையவர்களுக்கு வழக்கமான ஜோடி. மேலே சொன்ன கணக்கில் பழைய பிளாஸ்டிக் காலத்தவரும் சேர்ந்திருப்பதால், சகோதரி கொஞ்சம் தெம்பாகவே இருக்கலாம்.

புதிது என்பதாலேயே எதையும் நம்பிவிடவும் வேண்டாம். உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். மூட்டை டீப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மருத்துவமனையிடமும் விவரம் இல்லை, நோயாளியிடமும் சீட்டு இல்லை.

நம்மவர்களிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் இதுதான். வலி போனதும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எலும்பு அரிப்பது பல காலம் வலிக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். இன்னொன்று, தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும் இந்த நோய்க்கு ஸ்டீராய்டும் குடியும் முக்கியக் காரணங்கள். உடம்பு வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் சகஜமாக இருக்கிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பாரில்லை.

ஆகவே, சகோதரி, பந்தும் கிண்ணமும் எந்தப் பொருளில் செய்தவை என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். மூட்டின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரின் நகலை வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். டாக்டர் சொல்லும் தேதியில், வலி இல்லாவிட்டாலும், அவரை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போங்கள். அரிப்பை முதலிலேயே பிடித்துவிட்டால், இரண்டாவது அறுவைக்கு எலும்பு மிச்சமிருக்கும்.