ஒரே கீர்த்தனை, இரண்டு தைவதம்

இசைத்தட்டுகளைச் சேர்ப்பது வேறு. ஒப்பிட்டுக் கேட்பது வேறு. பின்னதற்குத் தியாகராஜ சுவாமிகளின் ‘நகுமோமு’ நல்லதோர் உரைகல்.

இதனை இசைத்தட்டின் வாயிலாகப் பரப்பியவர் முசிறி சுப்பிரமணிய ஐயர் (1899–1975). அவரது ஆபேரியில் ஒலிப்பது சதுச்ருதி தைவதம். பாலமுரளிகிருஷ்ணாவோ (1930–2016) அதே கீர்த்தனையைச் சுத்த தைவதத்துடன் பாடியிருக்கிறார். ஒரு சுரம் சற்றே இறங்கியதும் பாட்டின் முகமே மாறிவிடுகிறது! பழைய முறை பின்னதே என்பர். ஆயினும் என் செவி முசிறியாரையே நாடுகிறது. பழமை மட்டும் இனிமைக்கு அளவுகோலாகுமா?

அந்நாளைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். வித்துவான்கள் சுருக்கிப் பாடியது அதனாலேதான், அவசரத்தால் அன்று. சுழற்சி மிகுந்தால் சுருதியும் உயரும். ஆதலின் மாணாக்கர் முதலில் இரு பதிவுகளையும் ஒரே சுருதிக்குக் கொணர்ந்து, பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

1990களில் மின்சாரமற்றிருந்த வன்னியில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஒலிநாடா கேட்டோர்க்கு இதனைப் போதிக்க வேண்டியதில்லை. மிதி தளர்ந்தால் பாடகர் குரலும் தளர்ந்தது!

2009இன் இடப்பெயர்வில் நாடாப் பெட்டியைச் சுமந்து செல்ல எவரால் இயலும்? எஞ்சியவை சில வீடுகளில் இருக்கக்கூடும். பூஞ்சணம் அரிக்குமுன் அவற்றைக் கணினியில் ஏற்றுங்கள். வேகத்தைத் திருத்தாமல் உள்ளபடியே ஏற்றுங்கள். உறையில் எழுதியிருப்பதையும் படம் பிடியுங்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த கோயிற் கச்சேரி ஒன்று அவற்றுள் கிடந்தாலும் கிடக்கலாம்.