யாரிடம் சோதித்த மருந்து?

காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி, 1950இல் இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் பருவத்துச் சிறுவர் சிறுமியரிடையே தொடங்கிய சோதனையில் முக்கால் பங்குக்கு மேலான பாதுகாப்பைத் தந்ததென்று நிரூபணமானது. அதே ஊசி அதே நன்மையை நம்மவருக்கும் செய்யுமா என்ற கேள்வியோடு, திண்டிவனத்துக்கு வடக்கே அந்நாளில் பரந்து கிடந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 3,60,000 பேரைச் சேர்த்துப் பெருஞ்சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. 1979இல் வெளியான அதன் முடிவு உலகத்தைத் திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுப்பதில் ஊசிக்குப் பிரயோஜனம் காணப்படவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு கிருமிகளோடு நம் ஜனங்களுக்கு இளமையிலேயே ஏற்பட்டுவிடும் பழக்கம் ஊசியின் வேலையை மறைத்திருக்கலாமென்பது ஒரு விளக்கம். பச்சிளங் குழந்தைகளை மூளைக்காசம் முதலிய கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறபடியால், இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. அதைத் தவிர்க்க இக்கட்டுரையை யாரும் சாக்காகக் கொள்ளவேண்டாம்.

ஒரு மருந்தின் நிரூபணம் அது சோதிக்கப்பட்டவர்களையே முதலில் சாரும் என்பதற்கு இதைவிட நமக்கு அருகிலுள்ள சாட்சியம் வேண்டியதில்லை. தேசத்தால் மட்டுமன்றி ஆண் பெண் என்ற பேதத்தாலும் மருந்தின் குணம் மாறும்: 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரை, பெண்களின் இரத்தத்தில் மறுநாள் காலையிலும் மிகுதியாகத் தங்குகிறதென்று கண்டு, 2013இல்தான் அவர்களுக்கு 10 மில்லிகிராம் அளவை 5 ஆகக் குறைத்தார்கள்.

அப்படியானால் விழுப்புரத்துக் கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்யும் பெண்ணும், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள இருளர் குடியிருப்பின் முதியவரும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடும் இளைஞனும் எந்தச் சோதனையின் கணக்கில் வருகிறார்கள்? அவர்கள் அறியாமையால் வருவதில்லையென்று சொல்வது படித்தவர்களின் சோம்பல். பகற்பொழுதில் ஆஸ்பத்திரிக்கு வா என்றால் ஒரு நாள் கூலி போகிறது; பஸ் கட்டணம் கைப்பணம்; ஆங்கில வாடை வீசும் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் என்ன வினை வருமோ என்ற அச்சம் நியாயமானதே.

விழுப்புரம் மாவட்டத்திலேயே இதற்கு மாறான அனுபவமும் உண்டு. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவும். ஆகையால் புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி நிலையத்தார், 1990களில் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் ஆண்டுக்கொரு வேளை மருந்து கொடுக்கும் சோதனையை நடத்தியபோது, ஊர் உறங்கும் நேரத்தில் வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் இரத்தம் எடுக்கவேண்டியிருந்தது. சில கிராமங்களுக்கு டி.இ.சி. மாத்திரை, சிலவற்றுக்கு ஐவர்மெக்டின், சிலவற்றுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இரவில் கதவைத் தட்டும் அந்நியனுக்கு விரலை நீட்டுவதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டுமென்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஜனங்கள் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது இரத்தத்துளி மட்டுமன்று என்பது விளங்கும். இங்கே ஆராய்ச்சிக்காரர்களே தூக்கத்தை விட்டு ஜனங்களின் வாயிலுக்கு வந்தார்கள்.

சென்னை சேத்துப்பட்டு காசநோய் மையம் 1956இல் தொடங்கிய சோதனையிலும் சிகிச்சை ஜனங்களின் வீட்டுக்கே சென்றது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியாரைச் சானடோரியத்தில் சேர்த்து, மறுபாதியாரை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. உலகெங்கும் காசநோயாளர் வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்வது அவர்கள் அளித்த ஒத்துழைப்பின் விளைவு. ஆனால், சோதனையில் பங்கு கொண்டவர்களிடம் திரும்பிப் போய் முடிவைச் சொல்லும் மரியாதை இன்னும் எல்லா ஆராய்ச்சியாளருக்கும் வழக்கமாகவில்லை. இதை நான் ஒரு பெருங்குறையென்றே கருதுகிறேன்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ வேறு எங்கேயோ, புதிய மருந்தின் சோதனைக்கு உங்களையோ உங்கள் வீட்டாரையோ அழைத்தால், பயந்து ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக் கையெழுத்திடவும் வேண்டாம். விவரத்தாளைத் தமிழில் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரானால் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. 2019ஆம் ஆண்டு விதிகள் இவற்றையெல்லாம் உறுதி செய்கின்றன. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.