பேஸ் கிதாருக்கு ஒரு சிறு ஆம்ப்ளிபையர்

கிதார் பயில்வோர் பலருளர். அவருள் பேஸ் கிதாரைக் கையிலெடுப்போர் சிலரே. அச்சிலருக்கும் வாத்தியம் வாங்கிய மறுநாளே ஓரிடர் நேர்கிறது. வீணைக்குள்ளது போன்ற குடம் இதற்கில்லை. இதன் உடல் பெரும்பாலும் திண்ணிய மரக்கட்டையே. ஆம்ப்ளிபையரின்றி மீட்டினால் அதன் குரல் வாசிப்பவர் செவிக்கே அரிதிற்றான் எட்டும். ஆகவே இரண்டாவதொரு செலவு தொடர்கிறது. கைப்பணம் பெரும்பாலும் வாத்தியத்திலேயே தீர்ந்துபோக, எஞ்சிய சிறு தொகைக்கு எதை வாங்குவதென்பதை இங்குச் சிறிது ஆராய்வோம். மேடைக் கச்சேரிக்குரிய பெரிய பெட்டிகளைப் பற்றியன்று நம் பேச்சு. அறையில் தனித்திருந்து பயிலுதற்குரிய சிறு பெட்டியையே கருதுகிறோம்.

கடைக்குச் செல்வோர் முதன்முதற் கேட்பது, "இஃது எத்தனை வாட்?" என்பதே. கேட்கத்தக்க கேள்விதான், ஆயினும் அது முதற்கேள்வியாதல் தகாது. வாட் இருமடங்கானால் ஒலியும் இருமடங்காகுமென்று எண்ணுவது இயல்பு. நம் செவியோ அவ்விதம் கணக்கிடுவதில்லை. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்றவேண்டுமாயின், ஆற்றல் ஏறக்குறையப் பதின்மடங்காக வேண்டும். ஆதலால் 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வேற்றுமை, விலைச்சீட்டிற் பெரிதாகத் தோன்றினும் அறையிற் சிறிதேயாம்.

அங்ஙனமாயின் முதலிற் பார்க்கவேண்டியது யாது? ஸ்பீக்கரும், அது பொருந்திய பெட்டியுமே. நான்கு தந்திப் பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. சாதாரண கிதாரின் தாழ்ந்த தந்தி 82 முறை அதிர்வது. இடையிலுள்ளது ஒரு ஸ்தாயியே. ஆனால் ஒரு ஸ்தாயி தாழ்ந்த ஒலியை அதே வலிமையுடன் எழுப்ப, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசையவேண்டும். அவ்வளவு அசைய இயலாத கூம்பு கரகரக்கும். நாளடைவிற் கிழியவும் கூடும். கூம்பு அகன்றதாயின் குறைவாக அசைந்தே மிகுந்த காற்றைத் தள்ளும். 8 அங்குல ஸ்பீக்கரினும் 10 அங்குல ஸ்பீக்கரின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

இவ்வுண்மை வாத்தியம் பிறந்த நாளிலேயே அறியப்பட்டதாகும். 1951-இல் லியோ பெண்டர் பிரிஸிஷன் பேஸை வெளியிட்டார். மறு ஆண்டே அவர் கம்பெனியார் அதற்கென்று 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பேஸ்மேன் ஆம்ப்ளிபையரைக் கொணர்ந்தனர். (அதனைப் பிற்காலத்திற் சாதாரண கிதார் வாசிப்போரே மிகுதியும் விரும்பலாயினர் என்பது வேடிக்கை.) 1960-இல் ஆம்பெக் கம்பெனியார் வெளியிட்ட பி-15 என்னும் பெட்டியின் ஆற்றல் ஏறக்குறைய 25 வாட்டே, ஸ்பீக்கரோ 15 அங்குலம். அப்பெட்டி அமெரிக்க இசைப்பதிவு நிலையங்களிற் பல்லாண்டு புகழுடன் விளங்கிற்று.

நாமறிந்த இளைஞரொருவர், சாதாரண கிதாருக்குரிய சிறு பெட்டியொன்று மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி, அதில் தம் பேஸை இணைத்து மூன்று மாதம் பயின்றார். தாழ்ந்த தந்தியை மீட்டுந்தோறும் பெட்டி கரகரத்தது. தம் விரலே பிழையுடையதென்றெண்ணி மேலும் அழுத்தி மீட்டினார்; கரகரப்பு மிகுந்தது. பின்னொருநாள் வேறொருவர் வீட்டிற் பேஸுக்கென்றே அமைந்த பெட்டியில் வாசித்தபோதுதான், அவர் கைகளிலிருந்த மெய்யான குற்றம் வெளிப்பட்டது. வாசியாத தந்திகளை அவர் அடக்காமையால் அவை உடன் அதிர்ந்துகொண்டிருந்தன. பழைய பெட்டியின் கரகரப்பு அதனை மறைத்திருந்தது. அம்மூன்று மாதத்துப் பழக்கத்தை மாற்ற அவருக்கு அதனினும் நீண்ட காலம் பிடித்தது. பயிற்சிப் பெட்டி நம் பிழையை நமக்குக் கேட்பிக்க வேண்டும். அதனைச் செய்யாத பெட்டி இனாமாகக் கிடைப்பினும் நட்டமே.

சிறு பெட்டி 41 அதிர்வை முழுமையாகத் தருமோவெனின், தராது. எனினும் சுரம் நமக்குப் புலனாகிறது. ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுடைய உபசுரங்கள் கூடியெழுகின்றன. 82, 123 என்னும் இவற்றைக் கேட்டதுமே நம் செவி அடியிலுள்ள 41-ஐத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே 8 அங்குலப் பெட்டியிலும் தொடக்கப் பயிற்சி நடைபெறும். ஆனால் ஒலியைக் குறைத்து வாசிக்கையில் தாழ்ந்த ஒலிகள் செவிக்கு இன்னும் மங்குகின்றன; இதனை 1933-இலேயே பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் அளந்து காட்டினர். அது பெட்டியின் குறையென மயங்கி, பேஸ் என்றெழுதிய திருகை முழுவதும் திருப்புவோர் பலர். திருப்பினால் சிறு ஸ்பீக்கர் திணறுவதே பயன். பெண்டர் கம்பெனியாரின் ரம்பிள் வரிசையில் 25 வாட் பெட்டி 8 அங்குல ஸ்பீக்கரையும், 40 வாட் பெட்டி 10 அங்குல ஸ்பீக்கரையும் உடையன. இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரியவேண்டின், பணம் இடங்கொடுக்குமாயின், பின்னதையே நாம் தெரிவோம். வாட்டுக்காக அன்று, அங்குலத்துக்காக.

கடைக்குத் தம் சொந்த வாத்தியத்தையே கொண்டு செல்க. எல்லாத் திருகுகளையும் நடுவில் நிறுத்தி, வீட்டில் வாசிக்கும் அளவுக்கே ஒலியை வைத்து, தாழ்ந்த தந்தியைத் திறந்து மீட்டி, மெட்டு மெட்டாக ஒரு ஸ்தாயி வரை மெல்ல ஏறுக. இடையில் ஏதேனும் ஒரு சுரம் மறைகிறதா, வேறொன்று மட்டும் முழங்குகிறதா, பெட்டியின் பலகை கிடுகிடுக்கிறதா என்று கேட்க. பின்னர்க் கையை எடுத்துவிட்டு, இரைச்சல் எவ்வளவென்று கவனிக்க. ஐந்து தந்தி வாத்தியமாயின் ஐந்தாம் தந்தி ஏறக்குறைய 31 அதிர்வே உடையதாகலின், சோதனை இன்னும் கடுமையாக இருக்கட்டும்.

ஹெட்போன் துளை இன்றியமையாதது. தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவுமாதலால், அடுத்த அறையிற் பரீட்சைக்குப் படிப்பவர் நம் சங்கீதத்தை விரும்பார். பாட்டுடன் சேர்ந்து வாசிக்கக் கைபேசியை இணைக்கும் துளையும் வேண்டும். சுருதி பார்க்கும் கருவி உள்ளேயே அமைந்திருப்பது வசதிதான். கைபேசியே அதைச் செய்யுமாதலால் அதற்கென மிகுதி கொடுக்கவேண்டா. ஒலியைச் சிதைத்து அலங்கரிக்கும் விசைகள் பயில்வோனின் பிழையை மூடுவதால், முதல் ஆண்டில் அவற்றைத் தொடாதிருப்பதே நன்று. டிரம்ஸ் வாசிப்பவருடன் சேர்ந்து வாசிக்க இச்சிறு பெட்டிகள் போதா. அதற்கு வேண்டியது பன்மடங்கு பெரிது. இரண்டுக்கும் ஆகுமென்று நடுத்தரமான ஒன்றை வாங்குவோர் இரண்டிலும் குறைபடுவர்.

அயல்நாட்டு உறவினர் கொணரும் பெட்டியாயின், பின்புறத்தை முதலிற் பார்க்க. அமெரிக்காவில் 120 வோல்ட். நம் நாட்டில் 230. மாற்றும் விசையில்லாத பெட்டியை அப்படியே சுவரிற் செருகினால் முதல் சுரத்துக்கு முன்னரே புகை எழும்.

வாங்கி வந்த பெட்டியை அறையின் மூலையிற் தள்ளிவைத்தல் வழக்கம். மூலையில் தாழ்ந்த ஒலி வீங்கிக் குழம்பும். தரையில் வைத்தாலோ தெளிவான பகுதி முழங்காலுக்கே சென்றுவிடும். சுவரைவிட்டுச் சற்றே விலக்கி, ஒரு நாற்காலியின் மேலேற்றி, முகத்துக்கு நேரே வைத்துக்கொள்க.