குதிகாலுக்கு அடியில் ஓடும் மணல்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில், தண்ணீர் குறைவாக ஓடும் நாளில், கணுக்கால் அளவு காவிரியில் அசையாமல் நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் நழுவத் தொடங்கும். கால் மெல்லப் புதையும். யாரோ காலடியில் உட்கார்ந்து பறிப்பது போல உள்ளங்கால் கூசும்.

பறிப்பது தண்ணீர்தான். ஓடிவரும் நீர் காலில் மோதியதும் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்கிறது. அடிமணலில் இடித்துச் சுருண்டு, சுழலாகிக் காலின் இரண்டு பக்கமும் வளைந்து ஓடுகிறது. அந்தச் சுழல்தான் மண்வெட்டி. மணல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று அதிக அடர்த்தி கொண்டது என்றாலும், நீருக்குள் மூழ்கிய மணல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். லேசாகிப்போன மணல் அதற்குமுன் எம்மாத்திரம்? பொறியாளர்கள் இதை மணல் அரிப்பு என்பார்கள்.

ஆற்றுக்குக் குதிகாலும் பாலத்தின் தூணும் ஒன்றுதான். ஸ்ரீரங்கம் தீவையும் அதற்கு வடக்கே உள்ள கரையையும் இணைக்க, காவிரியின் கிளையான கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய இரும்புப் பாலம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து ஒரு பகுதி விழுந்தது. பக்கத்திலேயே புதுப்பாலம் வந்து, பழையதில் வண்டிப் போக்குவரத்து முன்பே நின்றிருந்தது நல்லதாயிற்று. உலகெங்கும் ஆற்றுப் பாலங்கள் விழுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த அரிப்பே. ஆற்றில் மணல் அள்ளி அள்ளிப் படுகையைத் தாழ்த்தினால், தூண் மண்ணுக்குள் ஊன்றியிருக்கும் ஆழமும் குறையும். மீதி வேலையை வெள்ளம் பார்த்துக்கொள்ளும்.

இதே அரிப்பை வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் இந்த ஊர்ப் பக்கத்தில் இருந்தார்கள். முக்கொம்பு என்னும் இடத்தில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தை அணைத்துச் சென்று, தீவின் கிழக்கு முனையில் மறுபடி நெருங்குகின்றன. அங்கே காவிரித் தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்குள் வழிந்து போகாமல் தடுக்க எழுந்தது கல்லணை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கரிகாலன் கட்டியது என்பது வழக்கு. தோண்டத் தோண்டப் பாறை தட்டாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி?

பெரிய பாறைகளை ஆற்றில் போட்டார்கள். பாறையைச் சுற்றி மணல் அரிபட்டது. பாறை தானாக அமிழ்ந்தது. அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. சுழல் எட்டாத ஆழத்துக்குப் போனதும் பாறைகள் நிலைகொண்டன. அணை நின்ற விதத்துக்குப் பொறியாளர்கள் தரும் விளக்கம் இது. குழி வெட்டும் கூலியை ஆற்றின் தலையிலேயே கட்டிவிட்டார்கள்!

மணலை அடித்துப்போகும் வெள்ளம் பாறையை ஏன் உருட்டிப் போகவில்லை? பத்து மடங்கு அகலமான கல்லில் தண்ணீர் தள்ளும் பரப்பு நூறு மடங்கு. எடையோ ஆயிரம் மடங்கு. கல் பெரிதாகப் பெரிதாக வெற்றி எடையின் பக்கம். 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் மேலணை கட்டிய பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்நாட்டின் பழைய கட்டுநர்களிடமிருந்து கற்றதாக எழுதியிருக்கிறார்.

இந்த அரிப்பை வீட்டிலேயே சோதிக்கலாம். தாம்பாளத்தில் மணலைக் கனமாகப் பரப்பி, நடுவில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். தாம்பாளத்தைச் சற்றே சாய்த்து, மேட்டுப் பக்கத்திலிருந்து செம்பால் ஒரே சீராகத் தண்ணீர் ஊற்றுங்கள். கல்லுக்கு முன்னால்தான் முதலில் பள்ளம் விழும். பள்ளம் ஆழமானால், கல் தண்ணீர் வரும் திசையை நோக்கிச் சாயும்.