பொழுதறியும் பலகணி

நுழையும்முன்
பலகணியைத் திறப்பதும் அடைப்பதும் நாள்தோறும் நாம் செய்யும் எளிய செயல். அதை ஒரு கருவியிடம் ஒப்படைக்க வேண்டுமாயின், பொழுதை அறியும் ஆற்றலை முதலில் அதற்கு வழங்க வேண்டும். வீட்டிலேயே அமைக்கத்தக்க அத்தகைய கருவியின் இயக்கத்தை இப்பாடம் விளக்குகிறது.

காற்றின் வழி
'கால்' என்பது காற்று. 'அதர்' என்பது வழி. காற்று வரும் வழியைக் 'காலதர்' என்றனர் நம் முன்னோர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, வேனிலில் தென்றலைத் தந்த பலகணிகள் கூதிர்க்காலத்தில் தாழிட்டு அடைக்கப்பட்டதைக் காட்டுகிறது. பருவமறிந்து பலகணியை ஆளும் வழக்கம் பழைமையானது.

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும் நாள்கள் உண்டு. மேற்குப் பலகணி வழியே நுழையும் பிற்பகல் வெயில் தரையையும் சுவரையும் சூடாக்குகிறது; அச்சூடு இரவிலும் தணிவதில்லை. வெயில் ஏறும்போது கதவை அடைத்து, அந்தியில் திறந்தால் அறை குளிரும். ஆனால், பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் பணிக்கும் சென்றபின், படுக்கையிலிருந்து எழ இயலாத முதியவருக்கு அதைச் செய்வார் யார்? இங்குதான் கருவி தேவையாகிறது.

கருவியின் உறுப்புகள்
இதற்குக் கண், மூளை, கை என மூன்று உறுப்புகள் வேண்டும். ஒளிசார் மின்தடையே கண். ஒளி மிகுந்தால் அதன் மின்தடை குறையும். ஒளி குறைந்தால் மின்தடை மிகும். அம்மாற்றத்தை அளந்து முடிவெடுக்கும் நுண்கட்டுப்படுத்தி மூளை. 2005ஆம் ஆண்டில் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட 'ஆர்டுயினோ' பலகை இதற்குப் பொருந்தும். மகிழுந்தின் மழைத்துடைப்பானை இயக்கும் பழைய 12 வோல்ட் மோட்டார், கையாக அமையும். நுண்கட்டுப்படுத்தி தரும் மின்னோட்டம் மோட்டாரைச் சுழற்றப் போதாது. எனவே, இடையில் ரிலேக்கள் அமைந்து, மோட்டாரை இருதிசையிலும் இயக்குகின்றன. கதவு முழுதும் திறந்ததும் மூடியதும் மின்னோட்டத்தை நிறுத்த, இரு முனைகளிலும் சிறு சுவிட்சுகள் பொருத்தப்படும்.

பொழுதறிதல்
ஒளியை மட்டும் நம்பினால் கருவி தடுமாறும். ஒரு மேகம் கடக்கும்போதெல்லாம் கதவு திறந்து திறந்து மூடும். ஆகவே, அடைப்பதற்கு ஓர் ஒளியளவும், திறப்பதற்கு அதனினும் குறைந்த வேறோர் அளவும் நிரலில் குறிக்கப்பட வேண்டும். ஒளி பத்து நிமிடம் குறைந்தே இருந்தால்தான் கதவு திறக்க வேண்டும்.

மேகம் நாள் முழுதும் மூடியிருந்தால் என் செய்வது? நெடுநல்வாடை இதற்கும் ஒரு காட்சி தருகிறது. கதிரவன் மறைந்திருந்த கார்ப்பொழுதில், பிச்சி அரும்புகள் மலர்ந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததை உணர்ந்து மகளிர் விளக்கேற்றினர். ஓர் அடையாளம் மறைந்தபோது மற்றோர் அடையாளம் துணைநின்றது. நம் கருவியில் அம்மலரின் இடத்தைக் கடிகாரச் சில்லு பெறுகிறது. மதுரை நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே கடக்கும். எனவே, கடிகாரம் இங்கு நம்பத்தக்க துணை.

மனிதனுக்கே முதலிடம்
துடைப்பான் மோட்டாரின் பற்சக்கர அமைப்பு, மின்சாரம் நின்றாலும் கதவை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க இது நன்று. மின்வெட்டின்போது அதுவே தடை. ஆதலால், கதவையும் மோட்டாரையும் இணைக்கும் தண்டில் கையால் கழற்றத்தக்க ஊசி ஒன்று இருத்தல் வேண்டும். குழந்தையின் விரல் சிக்கினால் உடனே நிற்கும்படி, மோட்டார் மிகுதியாக மின்னோட்டம் இழுப்பதைக் கண்டறியும் அமைப்பும் தேவை. படுக்கையில் இருப்பவரின் கைக்கெட்டும் தொலைவில் ஒரு சுவிட்சு அமைய வேண்டும். அதன் ஆணை, நிரலின் ஆணையை மீறிச் செயற்பட வேண்டும். எப்போது அடைப்பது எனக் கணக்கிடக் கருவியால் இயலும். தென்றலை விரும்பி இன்று திறந்திருக்கட்டும் என்று சொல்லும் உரிமை, அவ்வீட்டில் வாழ்பவருக்கே உரியது.

கற்பவை கற்றபின்
1. உங்கள் வீட்டுப் பலகணிகள் நோக்கும் திசைகளைக் குறித்து, எதன்வழி எப்போது வெயில் நுழைகிறது என அட்டவணைப்படுத்துக.
2. கருவிகளின்றிப் பொழுதறிய உங்கள் ஊர்ப் பெரியோர் கையாண்ட அடையாளங்களைத் தொகுத்து வகுப்பறையில் உரையாடுக.